இம்பல்ஸ் லைனுக்கு வாட்டம் பார்த்தீர்களா? – பிரஷர் ட்யூபிங் கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாக இன்ஸ்ட்ருமென்ட் எரெக்‌ஷன் வேலையில் இருக்கிறேன். பைப்பில் உள்ள அழுத்தத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் கருவி பிரஷர் டிரான்ஸ்மிட்டர். மெயின் பைப்பிலிருந்து அதற்குப் போகும் சிறிய ட்யூபிங்தான் இம்பல்ஸ் லைன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, டிரான்ஸ்மிட்டரை டாப்பிங்குக்கு (மெயின் பைப்பில் இம்பல்ஸ் லைன் எடுக்கும் இடம்) மேலே வைப்பதா, கீழே வைப்பதா? டிராயிங்குக்கு டிராயிங் மாறுகிறதே?

டிராயிங்கில் தப்பில்லை தம்பி, உள்ளே ஓடும் பொருள்தான் வேறு. தண்ணீர், எண்ணெய் மாதிரி திரவம் என்றால் இம்பல்ஸ் லைன் முழுக்கத் திரவம் நிற்க வேண்டும். ஒரு குமிழி மாட்டினாலும் அது தானாக மேலேறி மெயின் பைப்புக்கே போய்விட வேண்டும். அதனால் டிரான்ஸ்மிட்டர் கீழே, டாப்பிங் பைப்பின் பக்கவாட்டில். உச்சியில் எடுத்தால் காற்று வரும், அடியில் எடுத்தால் சேறு வரும். வாயுவுக்கு நேர் எதிர்: டாப்பிங் உச்சியில், டிரான்ஸ்மிட்டர் மேலே. லைனில் ஈரம் படிந்தாலும் வழிந்து பைப்புக்கே திரும்பிவிடும்.

இரண்டிலும் வாட்டம் முக்கியம். மீட்டருக்கு 8 செ.மீ. கொடுங்கள். கொத்தனார் தளத்துக்கு வாட்டம் பார்ப்பதுபோல ரசமட்டம் வைத்தே பாருங்கள். மொத்த வாட்டம் சரியாக இருந்தும், நடுவில் கிளாம்ப் இல்லாமல் ஓரிடத்தில் ட்யூப் தொய்ந்தால் போதும், அங்கே வாயு லைனில் தண்ணீர் தேங்கும். ரீடிங் ஆடும். எல்லாரும் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி காலிபிரேஷனுக்கு அனுப்புவார்கள், அது நல்லபடியாகவே திரும்பி வரும். மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டிருந்தால் அந்த அலைச்சலே இல்லை.

கேள்வி: சாயப்பட்டறை பாய்லர். ஸ்டீம் லைனில் போட்ட புது டிரான்ஸ்மிட்டர் ஒரே வாரத்தில் போய்விட்டது. கம்பெனிக்காரர் வாரன்டி கிடையாது என்கிறார்.

முதல் முறை வால்வு திறக்கும்போது இம்பல்ஸ் லைனில் தண்ணீர் நிரப்பினீர்களா? ஸ்டீமில் டிரான்ஸ்மிட்டரைக் காப்பாற்றுவது அந்தத் தண்ணீர்தான். 10 கிலோ பிரஷரில் (சதுர செ.மீ.க்கு) ஸ்டீம் ஏறக்குறைய 184 டிகிரி. சாதாரண டிரான்ஸ்மிட்டரின் சென்சார் 120 டிகிரி வாக்கில்தான் தாங்கும், எலெக்ட்ரானிக்ஸ் 85 டிகிரிதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சர்க்கரை ஆலையில் இதே தப்பைச் செய்தேன். காலி லைனில் வால்வைத் திறந்துவிட்டு ட்யூபைத் தொட்டேன், உள்ளங்கை கொப்பளித்தது. டிரான்ஸ்மிட்டரும் போனது. அதன்பிறகு ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. மெயின் பைப்பை ஒட்டிய ரூட் வால்வை மூடி, மேலே இருக்கும் டீயின் (T வடிவ ஃபிட்டிங்) பிளக்கைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். டிரான்ஸ்மிட்டர் வென்ட்டில் (காற்றை வெளியேற்றும் திருகு) குமிழி நின்று தண்ணீர் மட்டும் வர வேண்டும். பிறகு வென்ட்டையும் பிளக்கையும் இறுக்கி, ரூட் வால்வை மெதுவாகத் திறங்கள்.

ப்ளோ டவுன் (லைனைத் திறந்துவிட்டு அழுக்கை வெளியே தள்ளுவது) செய்யும் ஷிஃப்ட் ஆட்களிடமும் சொல்லிவையுங்கள்: முதலில் டிரான்ஸ்மிட்டர் வால்வை மூட வேண்டும். ப்ளோ முடிந்ததும் லைன் ஆறி, கண்டன்சேட் (ஸ்டீம் குளிர்ந்து ஆகும் தண்ணீர்) நிரம்பும்வரை திறக்கக் கூடாது. டிரான்ஸ்மிட்டர் பக்கம் ட்யூபைக் கையில் பிடிக்க முடிந்தால்தான் திறக்கலாம்.

கேள்வி: மேலே உள்ள கேஜ் 6 கிலோ காட்டுகிறது, கீழே நாம் வைத்த டிரான்ஸ்மிட்டர் 6.4 காட்டுகிறது. எது தப்பு?

இரண்டும் சரி. டிரான்ஸ்மிட்டர் 4 மீட்டர் கீழே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 10 மீட்டர் தண்ணீர் நின்றால் 1 கிலோ, 4 மீட்டருக்கு 0.4. அந்த 0.4 ரீடிங்கில் கழியும்படி டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சைச் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: ஃபெருல் (ட்யூபைக் கவ்வும் வளையம்) ஃபிட்டிங்கில் கசிவு நிற்கவே மாட்டேன் என்கிறது. டெஃப்லான் டேப் சுற்றியும் பலனில்லை.

அந்த டேப்பை முதலில் எடுத்துவிடுங்கள். டேப் என்.பி.டி. எனும் கூம்பு மரைக்கு மட்டும்தான். ஃபெருலில் சீல் ஆவது மரையில் இல்லை, ட்யூபைக் கவ்வும் இடத்தில்.

ஹேக்ஸா பிளேடால் அறுத்தீர்களா? ட்யூப் கட்டரால் நேராக வெட்டி, பிசிரை எடுத்து, ட்யூபை அடியில் முட்டும்வரை தள்ளுங்கள். நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்குங்கள். கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் நட்டின்மேல் பேனாவால் ஒரு கோடு. அரை இன்ச் ட்யூபுக்கு ஸ்பானரில் ஒன்றேகால் சுற்று, கோடு 9 மணிக்கு வந்து நிற்கும். அதோடு விட்டுவிடுங்கள். ஒரு கம்பெனி நட்டில் இன்னொரு கம்பெனி ஃபெருலைப் போடாதீர்கள். பிரஷர் இருக்கும்போது ஸ்பானரே வைக்கக் கூடாது.

கேள்வி: ஐயா, டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அம்மோனியா லைனுக்கு ஸ்டோரில் பித்தளை ஃபிட்டிங்தான் இருக்கிறது, போடலாமா?

போடவே கூடாதம்மா. அம்மோனியா பித்தளையை வெடிப்புவிடச் செய்யும். துருப்பிடிக்காத எஃகு வரும்வரை வேலையை நிறுத்திவையுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கேள்வி: பாய்லர் ஃபர்னஸ் டிராஃப்ட் (அடுப்புக்குள் காற்றை இழுக்கும் அழுத்தம்) ரீடிங் அப்படியே உறைந்து நிற்கிறது. சோப்புத் தண்ணீர் போட்டும் கசிவு தெரியவில்லை.

டிராஃப்ட் மைனஸ் 5 மி.மீ. தண்ணீர் அளவுதான். உள்ளே இழுக்கிற லைனில் சோப்புக் குமிழி எப்படி வரும்? டிரான்ஸ்மிட்டர் வால்வை மூடி அதைத் தனிப்படுத்தி, ஃபர்னஸ் முனையை அடைத்து, கைப்பம்பால் லேசாகக் காற்று ஏற்றி, பிரஷர் இறங்குகிறதா என்று பாருங்கள். இப்போது சோப்பு போட்டால் குமிழி வரும். கசிவே இல்லையென்றால் சாம்பல் அடைப்புதான். டாப்பிங்கை ஃபர்னஸிலிருந்து மேல்நோக்கிச் சாய்த்து, ஒரு இன்ச் பைப்பில், நேராகக் கம்பி விட்டுக் குத்த வசதியாக டீயும் பிளக்கும் வைத்து மாற்றுங்கள். விழும் சாம்பல் உள்ளேயே திரும்பிவிடும்.