நாள் முழுக்க நின்றால் கால் வீங்குகிறது, படுத்து எழுந்தால் வற்றிவிடுகிறது. ஏன்?

கடையில் நின்று வேலை பார்க்கிறேன், சாயங்காலம் செருப்பு இறுகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, விடியும் முன்னே போய் 300 மரம் வெட்டிவிட்டு வருவார். அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், பெஞ்சில் உட்கார்ந்து பருப்புத் தோல் எடுத்தார், 22 வருடம். கால் வீங்கியது அம்மாவுக்குத்தான். மேடும் பள்ளமுமாக அத்தனை தூரம் நடந்த அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, காலைத் தொங்கப்போட்டு ஒரே இடத்தில் இருந்தவருக்கு வீக்கம், இது எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவே இல்லை.

விஷயம் இதுதான். படுத்திருக்கும்போது பாதத்தில் இருக்கும் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், அழுத்தம், பிபி பார்க்கிற அதே கணக்கில், சுமார் 10 இருக்கும். அசையாமல் நின்றால் 90 பக்கம் ஏறிவிடும், ஏனென்றால் நெஞ்சு முதல் பாதம் வரை உள்ள ரத்தத்தின் கனம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே போய்விடும். கழுத்துத் தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயில், இருக்கும் உணர்விகள் இதைக் கண்டுபிடித்து இதயத்தை வேகப்படுத்தி, ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அது கொஞ்சம் தாமதமானால்தான் கண் இருட்டிக்கொண்டு வருவது.

காலுக்கென்று தனியாக ஒரு ஏற்பாடும் இருக்கிறது, எனக்கு இதில்தான் பெரிய ஆச்சரியம். சிரையில் அழுத்தம் ஏறியதும், மூளையைக் கேட்காமலேயே, அங்கிருக்கும் நரம்பு நுனிகள் பக்கத்துச் சிறு தமனிகளைச் சுருக்கிவிடும். வரத்து குறைவதால் நுண்குழாய்களிலிருந்து நீர் அதிகம் கசியாது, அப்படிக் கசிந்து சேரும் நீர்தான் வீக்கம். சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டவர்களுக்கு இந்தச் சுருக்கம் சரியாக நடக்காது, அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு.

ஆனால் இது கீழே ரத்தம் வருவதைத்தான் குறைக்கும், தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. ஒவ்வொரு அடிக்கும் அது சிரையைப் பிழிய, உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தம் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும். சில அடி நடந்தாலே அந்த 90 என்பது 30க்குக் கீழே வந்துவிடும். அப்பாவை ஒவ்வொரு மரத்துக்கும் நடந்த நடைதான் காப்பாற்றியிருக்கிறது. வால்வு தளர்ந்துபோனால் சிரை புடைத்துச் சுருளும், ஊரில் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்பார்களே, அது நரம்பே இல்லை.

சரி, கடையில் உட்கார விடவில்லை என்றால் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அப்புறம் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் இதெல்லாம் செய்துகொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அம்மா இப்போது ராத்திரி காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறார், காலையில் கொலுசு தளர்ந்து கிடக்கிறது.