பெயர் நிற்கவில்லை என்றால் வேலையைக் கேளுங்கள்

வணக்கம் மேடம்,

பிசியோதெரபி முதலாமாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அனாடமிதான் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு தசைக்கும் ஆரிஜின் (தொடங்கும் இடம்), இன்செர்ஷன் (போய்ப் பிடிக்கும் இடம்), நரம்பு, வேலை என்று நான்கு வரி எழுதி மனப்பாடம் செய்கிறேன், இரண்டு நாளில் மறந்துபோகிறது. "ஸ்ட்ரக்சரையும் ஃபங்ஷனையும் சேர்த்துப் படி" என்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

க.

அன்புள்ள க.,

உங்கள் நான்கு வரியில் வேலை கடைசியில் நிற்கிறது. அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்.

தோளும் இடுப்பும் புத்தகத்தில் ஒரே தலைப்பில் வரும், இரண்டும் பந்துக்கிண்ண மூட்டு என்று. லேபில் தோள்பட்டை எலும்பையும் இடுப்பெலும்பையும் எடுத்து, அந்தக் குழிகளில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். இடுப்பெலும்பில் விரல் கொட்டாங்கச்சிக்குள் போவது போல உள்ளே இறங்கும். தோள்பட்டையில் இறங்க இடமே இருக்காது. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியை வாயில் கவ்வி எலுமிச்சம்பழத்தோடு ஓடியிருப்பீர்கள் இல்லையா, தோள்மூட்டு கிட்டத்தட்ட அதுதான். மேற்கை எலும்பின் தலையில் கால்வாசி, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் அந்தக் குழியில் படும்.

ஏன் இப்படி என்று கேட்டால், கைக்கும் காலுக்கும் உள்ள வேலையைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் இடுப்பு மூட்டில் விழுகிறது, அதற்கு ஆழமான குழி வேண்டும். கைக்கோ ஜடை பின்ன வேண்டும், முதுகு தேய்க்க வேண்டும், பரணில் இருந்து பாத்திரம் இறக்க வேண்டும். குழியை ஆழமாக்கினால் இதெல்லாம் நடக்காது.

சரி, அப்படியானால் எலுமிச்சம்பழம் விழாமல் யார் பிடிப்பது? ரொட்டேட்டர் கஃப் என்று நீங்கள் உருப்போடும் நான்கு தசைகள்தான். இப்போது பெயர்களைப் பாருங்கள். தோள்பட்டையின் பின்பக்கத்தில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடுகிறது, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டாலே தெரியும், அதுதான் ஸ்பைன். வரப்புக்கு மேலே இருப்பது சூப்ராஸ்பைனேட்டஸ், கீழே இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், அதற்கும் கீழே டெரஸ் மைனர். விலா எலும்பைப் பார்த்த முன்பக்கத்தில் சப்ஸ்காபுலாரிஸ். இன்செர்ஷனைத் தனியாக உருப்போட வேண்டியதில்லை, பழத்தைப் பிடிக்கிற விரல் பழத்தின் மேல்தானே இருக்கும், நான்கும் மேற்கை எலும்பின் தலையை ஒட்டியே போய்ப் பிடிக்கின்றன. மேலே ஒன்று, பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று, கீழே ஒன்றுமில்லை. தோள் நழுவினால் தலை பெரும்பாலும் கீழ்ப்பக்கமாக முன்னால் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. இடுப்புக் குழியின் அந்த ஆழம் பிறக்கும்போதே முழுதாக வந்துவிடுவதில்லை. பிறந்த குழந்தையில் அது ஆழம் குறைவாக, பெருமளவு குருத்தெலும்பாக இருக்கிறது. தொடை எலும்பின் தலை அதற்குள் உட்கார்ந்து அசைய அசையத்தான் குழி சரியாக உருவாகிறது. தலை விலகியே இருந்தால் குழி ஆழமாகாது. குழந்தையின் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள் என்று நாங்கள் தாய்மார்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தலை நின்ற குழந்தையைக் கால் அகட்டி இடுப்பில் தூக்கிக்கொள்ளும் நம் வழக்கம் இந்த மூட்டுக்கு நல்லது. அமைப்பு வேலையைச் செய்கிறது, அந்த வேலையே அமைப்பையும் செய்கிறது. வேலை என்பதை நான் முதல் வரிக்கு இழுப்பது இதற்காகவும்தான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. வடிவத்தைப் பார்த்து வேலையை ஊகித்தால் போதாது, சோதிக்க வேண்டும். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் அனாடமி பேராசிரியராக இருந்த ஃபேப்ரீசியஸ், சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளை விவரித்து 1603இல் புத்தகமே வெளியிட்டார். ஆனால் ரத்தம் கை கால்களை நோக்கித்தான் போகிறது என்ற பழைய நம்பிக்கையோடு பார்த்ததால், அது கையிலும் காலிலும் மொத்தமாகத் தேங்காமல் வேகத்தைக் குறைப்பதே வால்வின் வேலை என்று நினைத்துவிட்டார். அவரிடம் படித்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி அதே வால்வைப் பார்த்தார், அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று விரலால் அழுத்திப் பார்த்தார். ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் அவர் எழுதியபோது இந்தச் சோதனையும் படத்தோடு அதில் இருந்தது.

நீங்களும் செய்யலாம். இடது கையைச் சிறிது நேரம் தொங்கவிடுங்கள், முன்கையில் சிரை புடைத்து வரும். நேராகப் போகும் ஒன்றை, மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். சிரை வெறுமையாகத் தட்டையாகவே கிடக்கும், மேலே இருக்கும் ரத்தம் வால்வைத் தாண்டி இறங்காது. இப்போது மணிக்கட்டுப் பக்க விரலை எடுங்கள், சட்டென்று கீழிருந்து நிரம்பும். முதல் முறை வரவில்லை என்றால் வேறு சிரையில் பாருங்கள். வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று பேனாவால் குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.