வடக்குப் பக்கத்து வெயில்

மதிப்பிற்குரிய ஐயா,

கட்டடக்கலை படித்துவிட்டுச் சென்னையில் வீட்டுத் தோட்டங்களை வடிவமைத்து வருகிறேன். மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள்தான் என்னை இந்தத் தொழிலுக்குள் இழுத்து வந்தன. கடன் வாங்கியாவது அடுத்த ஆண்டு பிரான்ஸில் அவருடைய ஜிவெர்னி தோட்டத்தையும் ஜப்பானில் கியோட்டோவின் கல்தோட்டங்களையும் பார்த்துவர ஆசைப்படுகிறேன். வீட்டில் வீண்செலவு என்கிறார்கள். ஓவியம் பார்ப்பதும் ஊர் சுற்றுவதும் தோட்டம் அமைப்பவருக்கு உண்மையிலேயே உதவுமா? கடற்கரையோர ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்காக அண்மையில் போட்ட வரைபடத்தை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த நாள்களில் நான் நிழலைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனைப் பூவரசை, மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனடியில் இளநீர் விற்றவர் மறுநாளே வண்டியை வேறு தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்த எரிச்சலோடு உங்கள் வரைபடத்தைத் திறந்தேன். நடுவில் மெக்சிகன் புல், ஓரங்களில் குரோட்டன்ஸ், மூலையில் அல்லித் தொட்டி, வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டிப் பெரணிகளும் ஒரு கல் இருக்கையும். அந்த இருக்கைக்கு அருகே ‘ஆண்டு முழுவதும் நிழல்’ என்று வேறு குறித்திருக்கிறீர்கள். யார் சொன்னது?

கடன் வாங்கலாமா என்பதை வீட்டாரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கியோட்டோவைப் பற்றி நான் சொல்ல ஏதுமில்லை. அங்குள்ள ரியோவான்ஜி கோயில் கல்தோட்டத்தின் 15 கற்களில் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும் என்பதை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.

மோனே 1883-இல் ஜிவெர்னிக்குக் குடிபோனார். 1893-இல் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, ஆற்று நீரைத் திருப்பிக் குளம் அமைக்க அனுமதி கேட்டபோது, அவருடைய அயல்நாட்டுச் செடிகள் தண்ணீரை நஞ்சாக்கிவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். குளம் வெட்டி, அல்லி நட்டு, அதன் பிறகே அதை வரையத் தொடங்கினார். 1926-இல் இறந்தார், கடைசி ஆண்டுகளிலும் அந்தக் குளத்தையே வரைந்துகொண்டிருந்தார். அத்தனை காலம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஊரின் ஒளியை. நீங்களோ அல்லியை மட்டும் எடுத்து வந்து தொட்டியில் போட்டிருக்கிறீர்கள்.

ஜிவெர்னி வட அகலாங்கு 49 பாகையில் இருக்கிறது. அங்கே நடுக்கோடை நண்பகலில்கூடச் சூரியன் அடிவானிலிருந்து 65 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஆண்டின் எல்லா நாள்களிலும் நண்பகல் நிழல் வடக்கேதான் விழும். ஐரோப்பியத் தோட்ட நூல்கள் நிழல் விரும்பும் செடிகளை வடக்குச் சுவரோரம் நடச் சொல்வது அதனால்தான். சென்னை இருப்பது 13 பாகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. இடைப்பட்ட மாதங்களில், கத்திரி வெயில் காலம் முழுவதும் உட்பட, நண்பகல் சூரியன் உங்கள் வீட்டுக்கு வடக்கே நிற்கிறது. கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து மேற்குக்குச் சற்று வடக்கே மறைவதால், காலை மாலை இரு வேளையும் அந்தச் சுவர் வெயில் வாங்குகிறது. உங்கள் பெரணிகள் மே மாதத்தில் அப்பளமாகப் பொரிந்துவிடும். அந்தக் கல் இருக்கையில் உட்காரப்போகும் பெரியவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இந்த ஊரில் சுவரை நம்பி நிழல் அமைக்க முடியாது. தலைக்கு மேலே இலை வேண்டும். புங்கை கோடை முற்றுவதற்குள் பழைய இலை உதிர்த்துப் புதுத் தளிரோடு நின்றுவிடும். உப்புக்காற்றுக்குப் பூவரசும் புன்னையும் அசைந்து கொடுக்காது. புன்னை மெதுவாக வளரும் என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் அதுதான். நற்றிணையின் 172-ஆம் பாடலில், சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்த விதை புன்னையாக வளர்ந்து நிற்க, அது உங்களைவிடச் சிறந்த உங்கள் தங்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். அதனடியில் உன்னோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது, நீ மனம் வைத்தால் வேறு நிழல்களும் இங்கே உண்டு என்று தோழி தலைவனிடம் சொல்வதோடு முடிகிறது பாட்டு. காதலிக்கவே நிழல் தேடிய கரையில், ஐயா, நீங்கள் புல் விரிக்கிறீர்கள். அதுவும் உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீரை நம்பி.

உங்கள் பயண ஆசையை நான் கேலி செய்வதாக எண்ணிவிடாதீர்கள். அந்த ஆசை இல்லாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதே வீண். பிரேசிலின் தோட்டக் கலைஞர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் இளைஞராக 1928-இல் பெர்லினுக்குப் போய் ஓவியம் கற்றார். தன் நாட்டுச் செடிகளின் அழகை அவர் கண்டுகொண்டது அங்கே, டாலெம் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில். ஊரில் ஐரோப்பியச் செடிகளுக்கே மதிப்பு இருந்த காலம் அது. திரும்பி வந்து, காட்டுச் செடிகளைக் கொண்டே தோட்டம் போட்டார். இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இத்தாலியிலேயே தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கிவிட நினைத்தவர். அது கைகூடாமல் ஊர் திரும்பி, 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி லுனுகங்கை என்ற தம் தோட்டத்தை உருவாக்கினார். ஈழத்தலரிக் கிளைகளில் எடைகளைத் தொங்கவிட்டு அவற்றைத் தாம் விரும்பியபடி தாழ வளைத்தார். அங்கே ஒரு பிற்பகல் முழுவதும் நடந்தேன். எனக்கு ஒரு பூவும் நினைவில்லை. இருண்ட பச்சைக்குள் நடந்து வந்து திடீரென ஏரி வெளிச்சத்தில் நிற்கும் அந்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. இத்தாலியில் பார்த்ததை அந்த மனிதர் தம் ஊர் வெயிலுக்குத் தக்கபடி மறந்திருக்கிறார். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேர விமானம்தான்; கடன்கூடத் தேவைப்படாது.

ஜிவெர்னிக்கும் போய் வாருங்கள். அதற்கு முன் வரும் மே மாதத்தில், ஈஞ்சம்பாக்கம் வீட்டின் வடக்குப் பக்கத்தில் காலை ஒன்பதுக்கும் நண்பகலிலும் மாலை நான்குக்கும் நின்று, நிழலின் ஓரத்தைத் தரையில் சுண்ணாம்புக் கோடிட்டுப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை அந்த வீட்டுக்காரரிடம் பெரணிக்கான பணத்தை வாங்காதீர்கள். குரோட்டன்ஸைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.