சமைத்து வைத்தும் தோழி சாப்பிடுவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: என் தோழிக்கு 46 வயது, தனியாக வசிக்கிறார். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 53 கிலோவுக்கு வந்துவிட்டார். வேலை முடிந்து மாலையில் போய், மறுநாளைக்கும் சேர்த்துச் சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த நாள் போனால் டப்பா அப்படியே இருக்கிறது. கேட்டால், ஃப்ரிட்ஜைத் தொட்டாலே விரலில் ஊசி குத்துகிறது என்கிறார். மூன்று வேளையும் சூடாகச் சாப்பிட வைக்க என்ன வழி? கட்டாயப்படுத்தலாமா?

பதில்: முதலில் அந்த ஊசி விஷயத்தைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் அதைச் சாக்கு என்று நினைத்திருக்கலாம். சாக்கு இல்லை. பெருங்குடல் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் மருந்துகளில் ஆக்சாலிபிளாட்டின் ஒன்று. அது ஏறிய பிறகு சில நாட்களுக்கு நரம்புகள் குளிரைத் தாங்காது. குளிர்ந்த டப்பாவைத் தொட்டால் விரல் சுருக்கென்று குத்தும், குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் ஒரு பயம் வரும். அவருக்கு அந்த மருந்துதானா என்று கீமோ அட்டையில் பாருங்கள். அடுத்த சுற்று வரும்வரைக்கும் குத்தல் தணியாமல் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

ஆக, உங்கள் சமையலில் குறை இல்லை. சாப்பாடு ஃப்ரிட்ஜ் கதவோடு நின்றுவிடுகிறது. இப்படி யாராவது கேட்டால் நான் ரெசிபி சொல்வதற்கு முன் கேட்பது இதைத்தான்: அடுப்பிலிருந்து வாய்வரை வருகிற வழியில் சாப்பாடு எங்கே நிற்கிறது? சிலருக்கு எழுந்து நின்று சூடு பண்ணத் தெம்பு இருக்காது, சிலருக்குச் சூடாகும்போது வரும் வாசனையே குமட்டும், சிலருக்கு வாயெல்லாம் புண், சிலர் வலிக்கு மார்ஃபின் எடுத்து மலச்சிக்கலாகி வயிறு ஏற்கெனவே நிரம்பியதுபோல் இருப்பார்கள். அவரோடு உட்கார்ந்து நேற்றைய ஒரு நாளை மட்டும் காலையிலிருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள், எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. கதவருகே ஒரு ஜோடி கையுறை தொங்கட்டும். அதைவிட நல்லது, வாய் அகலமான ஃப்ளாஸ்க். கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க இருக்கும் சூப்பையோ குழைய வெந்ததையோ விளிம்புவரை நிரப்பி மூடினால் சில மணி நேரம் சூடு நிற்கும். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் மாலையில் நிரப்பிய ஃப்ளாஸ்க் அன்று இரவுக்கு மட்டும்தான், மறுநாள் காலைக்கு ஆகாது. காலைக்கு ஒரு மின்கெட்டிலும், வெந்நீர் ஊற்றினால் தயாராகிற ஓட்ஸும் படுக்கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் போதும். சமையலறை வரைக்கும் போக வேண்டியதில்லை என்பதே பெரிய உதவி.

மதியத்துக்கு இன்னொருவர் வேண்டும். நீங்கள் ஒருவரே எல்லாம் செய்தால் இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். கேட்டால் செய்யத் தயாராக நாலு பேர் இருப்பார்கள், ஆனால் "என்ன வேண்டும், சொல்" என்று நாலு பேரும் நோயாளியிடமே கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்வதே அவருக்கு ஒரு வேலையாகிவிடும். எனவே கேள்விகள் எல்லாம் உங்களிடம் வரட்டும். "செவ்வாய் மதியம் நீங்கள் வர முடியுமா?" என்று ஒவ்வொருவரிடமும் நாளைச் சொல்லிக் கேளுங்கள். வருகிறவர் சூடு பண்ணி, கூட உட்கார்ந்து தானும் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணக் கூடாது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் அந்த வாரம் வரவே வேண்டாம்.

சூடு பண்ணுவதில் கவனம் தேவை. கீமோ போட்டு ஒன்று, இரண்டு வாரத்தில், கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறையும். நமக்கு லேசான வயிற்றுவலியோடு போகிற கிருமி அவரை மருத்துவமனையில் சேர்த்துவிடும். சமைத்ததைச் சின்னச் சின்னத் தட்டையான டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், தேதி எழுதி ஒட்டுங்கள். ஒரு டப்பா ஒரு வேளைக்கு என்று இருந்தால் சூடு பண்ணியதையே மறுபடி சூடு பண்ண வேண்டி வராது. மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று இருக்கும். பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வைத்து, நடுப்பகுதியும் 75 டிகிரியைத் தொட வேண்டும். வடித்த சோற்றை வெளியே விட்டால் அதில் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. அரைவேக்காட்டு முட்டையும் காய்ச்சாத பாலும் இப்போதைக்கு வேண்டாம்.

சரி, மூன்று வேளை என்ற கணக்குக்கு வருவோம். அதை விட்டுவிடுங்கள் என்பேன். ஆறு மாதத்தில் 5 கிலோ என்பது அவர் உடம்பில் சுமார் 8.6 சதவீதம், 5 சதவீதம் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். நிறைந்த தட்டைப் பார்த்தாலே இப்படிப்பட்டவர்களுக்குப் பசி ஓடிவிடும். இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை ஒரு சின்னக் கிண்ணம், ஆனால் அதில் சத்து அடர்த்தியாக இருக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்றால் அவருக்கு நாளைக்குச் சுமார் 1,300 முதல் 1,600 கலோரி தேவை, புரதம் 53 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 80 கிராம் வரை. தெளிந்த சூப் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அதிலேயே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் 120 கலோரி கூடும், நன்றாக வெந்த ஒரு முட்டை 6 கிராம் புரதம் தரும், அரை லிட்டர் பாலில் நாலு மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்து வைத்துக்கொண்டால் பால் ஊற்றுகிற இடத்தில் எல்லாம் அதையே ஊற்றலாம். இவையெல்லாம் உங்கள் தோழிக்குத்தான். சிறுநீரகம், இதயம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள், அவரவர் மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொன்று. குமட்டலுக்கு ஆறிய உணவு நல்லது என்று பலர் சொல்வார்கள். வாசனை குறைவதால் அது உண்மைதான், ஆனால் குளிர் குத்துகிற நாட்களில் இவருக்கு ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி ஆகாது. கொதிக்கவும் வேண்டாம், குளிரவும் வேண்டாம். சூடு பண்ணி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் உடனே சாப்பிடலாம். குமட்டல் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே எடுக்க வேண்டும், பலர் வாந்தி வந்தபிறகு தேடுவார்கள். வாய் உலோகமாகக் கசந்தால் ஸ்டீல் ஸ்பூனை மாற்றிப் பாருங்கள்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பசியின்மை அவர் பிடிவாதம் இல்லை, நோயும் மருந்தும் மூளையின் பசி உணர்வையே அமுக்கிவிடுகின்றன. "உனக்காக எவ்வளவு பாடுபட்டேன்" என்று ஒரு தடவை சொன்னால், அடுத்த நாள் டப்பாவைக் காலி செய்து குப்பையில் போட்டுவிட்டுச் சாப்பிட்டதாகச் சொல்வார். என்ன வேண்டும் என்று கேட்பதற்குப் பதில் இதுவா அதுவா என்று இரண்டைக் காட்டுங்கள், இரண்டும் வேண்டாம் என்றால் ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள்.

வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து, அந்தத் தாளை அடுத்த கீமோவுக்குக் கொண்டுபோய் உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவும் இறங்கவில்லை என்றால் வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டாமல் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள், பட்டினிக்குப் பிறகு வேகமாக ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம். ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனாலும், தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலும் அன்றே கூப்பிட வேண்டும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் கீமோ அட்டையில் இருக்கும் எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை காத்திருக்க வேண்டாம். அந்த எண்ணும் ஒரு தெர்மாமீட்டரும் அவர் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.