கண் வலிக்காத மானிட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் கண் எரிகிறது, தலை வலிக்கிறது, புதிது வாங்கினால் சரியாகுமா? முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண் பரிசோதனை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள். பவர் மாறிப்போன கண்ணுக்கு எந்த மானிட்டரும் இதமாக இருக்காது.

கேள்வி: கண்ணுக்கு நல்ல மானிட்டர் ஒன்று சொல்லுங்கள்.

எந்த வேலைக்கு? எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்ப்பீர்கள்? ஜன்னல் எந்தப் பக்கம்? இப்போது இருக்கும் மானிட்டரில் என்ன தொந்தரவு: எரிச்சலா, தலைவலியா, எழுத்து மங்கலா? இதில் ஒன்றையும் எழுதாமல் மாடல் பெயர் கேட்டால் நான் குத்துமதிப்பாகத்தான் சொல்ல வேண்டும். திரும்ப எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

கேள்வி: இப்போது 24 அங்குல ஃபுல் எச்டி வைத்திருக்கிறேன். எழுத்து சிறிதாக இருப்பதால் 27 அங்குல ஃபுல் எச்டி வாங்கப் போகிறேன். கண்ணுக்குச் சுலபமாக இருக்கும் அல்லவா?

இருக்காது. எழுத்து பெரிதாகும், ஆனால் கூர்மை போய்விடும். இரண்டிலும் பிக்சல் (திரையின் புள்ளி) எண்ணிக்கை ஒன்றுதான், 1920க்கு 1080. 24-இல் அங்குலத்துக்கு 90 சொச்சம் பிக்சல் இருந்தது, 27-இல் அது 80 சொச்சமாக இறங்கிவிடும். எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். கண் அதைத் தெளிவாக்கப் பார்த்துப் பார்த்து ஓய்ந்து போகும்.

27 அங்குலம் என்றால் குறைந்தது கியூஎச்டி, அதாவது 2560க்கு 1440. அங்குலத்துக்குச் சுமார் 110 பிக்சல் வரும். பட்ஜெட் இடம் கொடுத்தால் 4கே வாங்குங்கள், 160 தாண்டும். அதை 100 சதவீத ஸ்கேலிங்கில் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கும் அமைப்பு) வைத்துவிட்டு "எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது" என்று எழுதாதீர்கள். 150 சதவீதம் வையுங்கள். எழுத்தும் பெரிதாகும், கூர்மையும் இருக்கும். 32 அங்குல கியூஎச்டி வாங்கினால் திரும்பவும் பழைய 24 அங்குல அடர்த்திக்கே வந்து நிற்பீர்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2018-இல் வந்த மேக் இயங்குதளத்தின் மொஹாவே பதிப்பிலிருந்து, எழுத்தின் ஓரத்தைத் துணைப் பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்) கொண்டு மெருகேற்றும் வேலையை ஆப்பிள் நிறுத்திவிட்டது. அடர்த்தி குறைந்த திரையில் மேக்கின் எழுத்து பஞ்சு மாதிரி தெரிவது அதனால்தான்.

கேள்வி: நீல ஒளி குறைந்த மானிட்டர், கூடவே நீல ஒளி தடுக்கும் கண்ணாடி. இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா?

இரண்டுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2023-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. திரையால் வரும் கண் சோர்வை இந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை. இராத்திரியில் மஞ்சள் கலந்த திரை பிடித்திருந்தால் விண்டோஸில் நைட் லைட், மேக்கில் நைட் ஷிஃப்ட் சும்மாவே இருக்கிறது.

கேள்வி: புது மானிட்டர் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, 75 ஹெர்ட்ஸ். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவில் பிரைட்னஸை 20-க்கு இறக்கினால் அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. திரை துடிக்கிறதா என்று பார்த்தேன், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. 144 ஹெர்ட்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர்.

ஹெர்ட்ஸுக்கும் (திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண்) உங்கள் தலைவலிக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. குழாய் மானிட்டர் காலத்தில் 60 ஹெர்ட்ஸில் திரை துடிக்கும், 85-க்கு ஏற்றினால் அடங்கும். அந்தக் கால ஆலோசனையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்சிடியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பிக்சல் அணைவதில்லை. 144 ஹெர்ட்ஸில் ஸ்க்ரோல் வழுவழுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது பின்னால் எரியும் பேக்லைட்டை. அதன் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது. இது டிசி டிம்மிங். இன்னொன்று, எல்இடியை முழு வெளிச்சத்திலேயே வைத்து வேகவேகமாக அணைத்து அணைத்து எரிய விடுவது. இது பிடபிள்யூஎம். இரண்டாவது வகையில், நீங்கள் பிரைட்னஸை 20-க்கு இறக்கியபோது விளக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது, மீதி நேரம் இருட்டு. நொடிக்கு 240 தடவை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாக எரிந்து, மூன்று மில்லி செகண்டுக்கு மேல் அணைந்து கிடக்கிறது. கண் இதைத் துடிப்பாகப் பார்க்காது. ஆனால் சிலருக்குத் தலைவலியாகவும் கண் வலியாகவும் வெளிப்படும். எல்லோருக்கும் வராது. அதனால்தான் பக்கத்தில் இருப்பவர் "எனக்கு ஒன்றும் இல்லையே" என்பார், நீங்களும் மனப்பிரமை என்று விட்டுவிடுவீர்கள்.

எல்இடி விளக்குகளின் துடிப்பு பற்றி ஐஇஇஇ என்ற பொறியாளர்கள் அமைப்பு 2015-இல் 1789 என்ற எண்ணில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. வேகம் குறையக் குறைய துடிப்பின் ஆழமும் (வெளிச்சம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது) குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். முழுவதுமாக அணைந்து எரியும் விளக்கு என்றால் நொடிக்கு 1250 தடவைக்கு மேல் இருந்தால்தான் ஆபத்து குறைவு, 3000-ஐத் தாண்டினால் கவலை இல்லை. 240 எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். பெட்டியின் மேல் எத்தனை கோடி வண்ணம், எத்தனை லட்சத்துக்கு ஒன்று கான்ட்ராஸ்ட், மறுவினை நேரம் ஒரு மில்லி செகண்டு என்று எல்லாம் அச்சடிக்கிறார்கள். பேக்லைட்டை எப்படி மங்கலாக்குகிறோம் என்ற ஒரே ஒரு வரியைப் போட மாட்டேன் என்கிறார்கள். "கண் பாதுகாப்பு" என்று ஒரு கண் படம் ஒட்டியிருக்கும், அதை விரித்துப் படித்தால் திரையை மஞ்சளாக்கும் ஒரு பட்டன். தலைவலியோடு வீட்டுக்குப் போகிறவருக்கு இந்த ஒரு தகவல் போதும், அதுதான் கிடைப்பதில்லை. "ஃப்ளிக்கர் ஃப்ரீ" (துடிப்பு இல்லாதது) என்று சோதனை நிறுவனத்தின் சான்று போட்ட மாடல்கள் இருக்கின்றன. சான்று இல்லாததைவிட அது மேல். ஆனாலும் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

சோதனை எளிது. அறை விளக்கை அணையுங்கள், இல்லாவிட்டால் அதன் துடிப்பும் சேர்ந்துகொள்ளும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து, பிரைட்னஸை 20-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு பென்சிலைத் திரைக்கு முன்னால் பிடித்து விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே சீரான நிழலாகக் கலங்கித் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பென்சில்கள் வரிசையாக நிற்பது போலத் தெரிந்தால் பேக்லைட் துடிக்கிறது. ஃபோன் கேமராவில் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டரை 2000-இல் ஒரு பங்குக்கு வைத்துத் திரையைப் பாருங்கள், துடித்தால் கறுப்புப் பட்டைகள் ஓடும். சாதாரண மோடில் பார்த்துவிட்டுப் "பட்டை இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

துடிக்கிறது என்றால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் தந்துவிடுங்கள். முடிந்துவிட்டது என்றால் ஒரு மாற்று வழி: துடிப்பு மறையும் வரை பிரைட்னஸை ஏற்றுங்கள், அதன்பிறகு கான்ட்ராஸ்டையோ சிவப்பு, பச்சை, நீல அளவுகளையோ மெனுவில் சமமாக இறக்கி மங்கலாக்குங்கள். நிறத்தின் நயம் கொஞ்சம் போகும், தலைவலி போவது பெரிது. விளையாட்டுக்கென்று "மோஷன் ப்ளர்" (அசையும் படம் மங்குவது) குறைக்கும் மோடு ஆன் ஆகியிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது வேண்டுமென்றே பேக்லைட்டைத் துடிக்க வைக்கிற வசதி.

கேள்வி: ஐபிஎஸ்ஸா, விஏவா?

இரண்டும் எல்சிடி திரையின் வகைகள். நாள் முழுக்க எழுத்து என்றால் ஐபிஎஸ். விஏவில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பல மாடல்களில் ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து கறுப்பாக இழுபடும், ஓரங்களில் நிறமும் வெளிறும்.

கேள்வி: ஓஎல்இடி மானிட்டரில் கோடிங் செய்யலாமா?

ஓஎல்இடி என்றால் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை. படம் பார்க்க அதற்கு இணை இல்லை. எழுத்துக்கு யோசியுங்கள். பல ஓஎல்இடிகளில் துணைப் பிக்சல்கள் வழக்கமான சிவப்பு, பச்சை, நீல வரிசையில் இருப்பதில்லை, அதனால் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். 27 அங்குல 4கே என்றால் அடர்த்தி காரணமாக இந்தக் குறை வெகுவாகக் குறையும். ஓஎல்இடிக்கும் பென்சில் சோதனை உண்டு. வாங்கும் முன் பிரைட்னஸை இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: புது மானிட்டர் கண்ணைக் கூசுகிறது. குறைபாடுள்ள பீஸா?

பிரைட்னஸ் எவ்வளவில் இருக்கிறது என்று எழுதவே இல்லை! பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டிருப்பீர்கள். 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) அடிக்கும். விளக்கு போட்ட அறைக்கு 100 முதல் 150 நிட்ஸ் போதும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், திரையின் வெள்ளை தாளைவிட விளக்கு மாதிரி தெரிந்தால் இறக்குங்கள். சில மாடல்கள் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் இருட்டறைக்கு அதிகமாகவே எரியும். இரவில் வேலை செய்பவர்கள் அதிகபட்ச வெளிச்சத்தை விசாரிப்பதைவிடக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று விசாரியுங்கள்.

கேள்வி: டார்க் மோடு கண்ணுக்கு நல்லதா? எனக்கு அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவுக் குறையால் வரும் பார்வை மங்கல்) உண்டு.

உங்களுக்கு அநேகமாக நல்லதல்ல. திரை இருட்டானால் கண்மணி விரியும், விரிந்தால் கண்ணின் குறைகள் கூடுதலாகத் தெரியும். வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி பரவி மங்கும். வெளிச்சமான அறையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் பெரும்பாலானவர்களுக்கு வாசிக்கச் சுலபம். இருட்டறையில்தான் வேலை என்றால் முழுக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் பின்னணி வையுங்கள். அப்புறம், கண் பரிசோதனை!

கேள்வி: 4கே மானிட்டர், ஆனால் மவுஸ் இழுத்து இழுத்து வருகிறது, நிற எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. பழைய கேபிளைத்தான் போட்டிருக்கிறேன்.

பதிலை நீங்களே கேள்வியில் எழுதிவிட்டீர்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு என்றால் 4கே 30 ஹெர்ட்ஸ்தான் போகும். 60 என்று காட்டினால் நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகிறது என்று பொருள். கணினியில் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதில் இணையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ப்ரோகிரெசிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கு, கீழே வாசிப்புக்கு என்று பவர் மாறுவது) போடுகிறேன். திரையைப் பார்த்தால் கழுத்து வலி.

கண்ணாடியின் கீழ்ப் பகுதி வழியாகப் படிக்கத் தாடையைத் தூக்குகிறீர்கள். மானிட்டரை நன்றாக இறக்குங்கள், மேல் பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். உயரம் இறக்க முடியாத ஸ்டாண்டு உள்ள மானிட்டரை நீங்கள் வாங்கவே கூடாது. கண்ணிலிருந்து திரை வரை டேப் பிடித்து அளந்து, அந்த தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி ஃப்ளிக்கர் இல்லாத 27 அங்குல கியூஎச்டி வாங்கிவிட்டேன். தலைவலி போய்விட்டது, சாயங்காலம் கண் மட்டும் எரிகிறது.

அது மானிட்டரின் குற்றமல்ல. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை போல இமைக்கிறோம், திரையில் மூழ்கினால் அது பாதிக்கும் கீழே போகும். திரை உயரமாக இருந்தால் கண் அகலத் திறந்து இன்னும் சீக்கிரம் காயும். மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூரம் 60 செ.மீ. போல, ஏசி காற்று முகத்தில் அடிக்காத இடம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி 20 நொடி பாருங்கள். அப்படியும் எரிந்தால் கண் மருத்துவரிடம் உலர்கண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: மின்தாள் (இ-இங்க்) மானிட்டர்?

பேக்லைட்டே கிடையாது என்பதால் நீண்ட வாசிப்புக்கு அருமை. விலை அதிகம், திரை மெதுவாக மாறும், பழைய எழுத்தின் நிழல் தங்கும். இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வளைந்த திரை கண்ணுக்கு நல்லதா?

27 அங்குலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 34 அங்குல அகலத் திரை என்றால், ஓரமும் நடுவும் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் என்பதால் உதவும். 1500ஆர் என்றால் வளைவின் ஆரம் ஒன்றரை மீட்டர். எண் குறைந்தால் வளைவு அதிகம். அட்டவணை, வரைபடம் போடுகிற வேலை என்றால் நேர்க்கோடு வளைந்து தெரியும், தட்டைத் திரையே வாங்குங்கள்.