மான் வேட்டைக்கு விலை கூடிய சன்னம் கட்டாயமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான் இந்த நவம்பரில் ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போகிறார். துவக்கு .308 வின்செஸ்டர் ரவை போடும் ரைபிள். கடையில் சாதாரண ரவைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருமடங்கு விலையில் இன்னொரு பெட்டியும் இருக்கிறதாம். எதை வாங்கச் சொல்லட்டும்? (களுவாஞ்சிகுடியிலிருந்து)

பதில்: சாதாரணப் பெட்டியே போதும். ஆனால் ஒன்று வாங்க வேண்டாம், மூன்று வாங்கச் சொல்லுங்கள்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். படுவான்கரைப் பக்கம் துவக்கு என்றால் பன்றியிடமிருந்து வயலைக் காக்கிற 12 போர்தான் நினைவுக்கு வரும். அதன் தோட்டாவுக்குள் பல குண்டுகள் இருக்கும். ரைபிளில் போவது ஒற்றைச் சன்னம். கோது, கேப்பு, மருந்து, சன்னம் நான்கும் சேர்ந்ததுதான் ரவை. அந்த இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான விலை வித்தியாசம் பெரும்பாலும் சன்னத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று: இதெல்லாம் அந்த ஊர்க் கதை. இங்கே இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி மானும் மரையும் தொடக்கூடாதவை.

சாதாரண சன்னத்தை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உள்ளே ஈயம், வெளியே செப்புக் கலவை உறை. உறை அடிப்பக்கம் தடிப்பாகவும் மூக்குப் பக்கம் போகப் போக மெல்லியதாகவும் இருக்கும். நுனியில் ஈயம் வெளியே தெரியும். மானில் பட்டதும் அந்த ஈய மூக்கு நசுங்கிப் பின்னுக்குத் தள்ள, உறை இதழ் இதழாகப் பிளந்து காளான் மாதிரி விரியும். 7.8 மில்லிமீற்றர் சன்னம் உள்ளே போகும்போது ஏறக்குறைய இருமடங்கு அகலமாகிவிடும். றெமிங்டன் கம்பனியின் கோர்-லொக்ட் சன்னம் 1939இலிருந்து இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. வின்செஸ்டர் பவர்-பொயின்ட், பெடரல் பவர்-ஷொக் எல்லாம் அதே குடும்பம்.

விலை கூடியவை மூன்று வகை. ஈயத்தை உறையோடு ஒட்டவைத்தது ஒன்று. நடுவில் செப்புத் தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி சிதறினாலும் பின்பாதி துளைத்துக்கொண்டு போகும்படி செய்தது இன்னொன்று. ஈயமே இல்லாத முழுச் செப்பு மூன்றாவது. தடுப்புச் சுவர்ச் சன்னம் எப்படிப் பிறந்தது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். 1946இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டையாடியபோது, வேகமான துவக்கிலிருந்து போன சன்னம் அந்த விலங்கின் உடம்பில் ஆழமாக இறங்காமல் சிதைந்துபோனது. அதற்கு மாற்றாக அவர் உருவாக்கியதுதான் பார்ட்டிஷன் என்ற தடுப்புச் சுவர்ச் சன்னம். மூஸ் அரைத் தொன்னைத் தொடக்கூடிய விலங்கு. வெள்ளைவால் மான் நூறு கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். அதன் விலா எலும்பு சன்னத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

சன்னம் சரியாக விரிவதும் சிதறுவதும் படும் நேரத்து வேகத்தில் இருக்கிறது. .308இல் 150 கிறெயின் (9.7 கிராம்) சன்னம் குழல்வாயில் செக்கனுக்கு சுமார் 860 மீற்றர் வேகத்தில் கிளம்பும். 200 யாரில் 690, 300 யாரில் 610 அளவில் இருக்கும். சாதாரண ஈயமூக்குச் சன்னம் 550க்குக் கீழே போனால் விரியத் தயங்கும், 900ஐத் தாண்டினால் சிதறத் தொடங்கும். மச்சான் மானைப் பார்க்கப்போகிற தூரம் முழுவதும் இந்த இரண்டு எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதே மச்சான் இன்னும் வேகமான .300 வின்செஸ்டர் மெக்னம் துவக்கு வைத்திருந்து, 150 கிறெயின் சன்னத்தை 30 யாரில் தோள் எலும்பில் வைத்தால் கதை வேறு. அங்கே வேகம் 950க்கு மேல். சன்னம் மேலேயே உடையும், தோள் இறைச்சி கூழாகும். அப்போதும்கூட விலை கூடியதுதான் வழி என்றில்லை. 180 கிறெயின் சாதாரணச் சன்னம் எடுத்தால் வேகம் குறைந்து காரியம் முடிந்துவிடும். .243 போன்ற சின்னத் துவக்கில் நரிக்குச் செய்த மெல்லுறைச் சன்னத்தை மானுக்குப் போடுவதும் இதே தவறுதான். அதற்கு 95 அல்லது 100 கிறெயின் மான் சன்னம் இருக்கிறது. முழு உறை போட்ட இராணுவ வகை ரவை மட்டும் வேண்டவே வேண்டாம். அது விரியாமல் ஊசி மாதிரி புகுந்து வெளியேறும், மான் காயத்தோடு ஓடிவிடும். பல இடங்களில் வேட்டைக்கு அது தடையும்கூட.

வெடிபட்ட மான் தொலைந்தால் ஆட்கள் முதலில் திட்டுவது சன்னத்தை. இலையில் இருக்கும் இரத்தம் வேறு கதை சொல்லும். இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருந்தால் நுரையீரல்: மான் ஐம்பது, நூறு மீற்றருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பாக, நுரையில்லாமல் இருந்தால் ஈரலாக இருக்கலாம். பச்சைச் சக்கையும் நாற்றமும் கலந்திருந்தால் குடல்: ஆறு, எட்டு மணித்தியாலம் விட்டுத்தான் தேடிப்போக வேண்டும், உடனே துரத்தினால் எழும்பி எழும்பி ஓடும். குடலில் பட்ட வெடிக்கு எவ்வளவு விலை கொடுத்த சன்னமும் மருந்தில்லை. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் ஓர் இடம். அதற்குள் வைத்தால் எந்த மான் சன்னமும் போதும்.

மூன்று பெட்டி அதற்குத்தான். பெட்டிக்கு 20 வீதம் 60 ரவை, மூன்றிலும் ஒரே தொகுதி இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். முதலில் 25 யாரில் மூன்று வெடி, துவக்கின் தொலைநோக்கியைத் திருத்திக்கொண்டு 100 யாருக்குப் போக வேண்டும். அங்கே குறியிலிருந்து 5 சென்ரிமீற்றர் மேலே படும்படி வைத்தால் 200 யாரில் நேராகப் படும், 300இல் ஒரு சாண் இறங்கும். குழல் சூடேறினால் ஆறவிட வேண்டும், காட்டில் முதல் வெடி குளிர்ந்த குழலிலிருந்துதான் போகும். மீதியை மேசையில் சாய்ந்து சுடுவதில் பிரயோசனமில்லை. குந்தியும், முழங்காலில் நின்றும், மரத்தில் கை ஊன்றியும் பழக வேண்டும். பத்து ரவையைக் காட்டுக்கு ஒதுக்கலாம். மலிவு ரவையில் குறி பார்த்துவிட்டு விலை கூடியதோடு காட்டுக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. சன்னம் மாறினால் 100 யாரிலேயே படும் இடம் சில அங்குலம் நகரக்கூடும்.

செப்புச் சன்னத்துக்கு மட்டும் நியாயமான ஒரு காரணம் உண்டு, அது இறைச்சி. ஈயச் சன்னம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து ஒரு முழம் வரைகூடப் பரவும். 2008இல் வட டகோட்டாவில் தானமாகக் கொடுத்த மானிறைச்சியில் ஈயத்துகள்கள் எக்ஸ்ரேயில் தெரிந்ததும் உணவு வங்கிகள் அதை வழங்குவதை நிறுத்தும்படி ஆனது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ அந்த இறைச்சியைச் சாப்பிடுவார்கள் என்றால் செப்புக்கு இருமடங்கு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் செப்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது, அதே எடைக்குச் சன்னம் நீளும். அதனால் 150க்குப் பதில் 130 கிறெயின் எடுப்பது நல்லது. ஈயத்திலேயே நிற்பதென்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். கறி வீணாகிறதே என்று பார்க்கக்கூடாது.

பணத்தைக் கொடுக்கும் முன் மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: ஒன்ராறியோவில் எந்தப் பகுதி? தெற்கில் நடக்கும் கட்டுப்படுத்தப்பட்ட மான் வேட்டைகளில் ரைபிளுக்கே இடமில்லை. ஷாட்கன், குழல்வாய் வழியாக மருந்து இடிக்கும் துவக்கு, வில் இவைதான். அவருடைய அனுமதிச்சீட்டு அப்படிப்பட்ட இடத்துக்கு என்றால் இரண்டு பெட்டியும் வேண்டாம், ஷாட்கனுக்கு ஒற்றைக்குண்டுத் தோட்டாவைத்தான் தேட வேண்டும்.