சம்படி, எனிபடி, நோபடி: ஆங்கில வாக்கியத்தில் இவற்றைத் தப்பில்லாமல் எழுதுவது எப்படி?

எவ்ரிபடி, சம்திங், நோவன், நன் என்று இன்னார், இன்னது எனச் சுட்டாமல் பேசும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விதிகளைப் படித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் குழம்புகிறது என்கிறீர்கள். அது நியாயமான புகார்தான்.

இலக்கணப் புத்தகங்கள் இந்தப் பாடத்தை ஒருமை, பன்மைப் பட்டியலில் ஆரம்பிக்கும். தமிழ் வழியாக ஆங்கிலத்துக்கு வருபவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கருத்து. பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்துவது என் அன்றாட வேலை. அதில் நான் பார்த்தவரை, நம்மவர்கள் வழுக்குகிற இடம் வேறு: 'இல்லை'யை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதுதான்.

'யாரும் வரவில்லை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் என்றால் எனிபடி, வரவில்லை என்றால் டிட் நாட் கம். சேர்த்தால் "எனிபடி டிட் நாட் கம்". தமிழ்க் காதுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. ஆங்கிலக் காதுக்கு இது வாக்கியமே இல்லை. காரணம் எளிது. தமிழில் மறுப்பு வினையோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் வரும், 'யாரும்' அதற்காக முன்னாலேயே காத்திருக்கும். ஆங்கில எனிபடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. மறுக்கிற பொருளில் அது வர வேண்டுமென்றால், நாட் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். "ஐ டிட் நாட் சீ எனிபடி" சரியாக இருப்பது அதனால்தான். எழுவாய் இடத்தில் எனிபடிக்கு முன்னால் நாட் வர இடமில்லை. ஆகவே இரண்டும் கலந்து நோபடி ஆகிவிடுகிறது: "நோபடி கேம்".

நோபடி வந்துவிட்டால் வினையில் மறுபடி நாட் போடக் கூடாது. "நோபடி டிட் நாட் கம்" என்று எழுதினால் 'வராதவர் யாருமில்லை' என்று அர்த்தம் தலைகீழாகிவிடும். பாட்டிலும் படத்திலும் "ஐ டோன்ட் நோ நத்திங்" என்று கேட்டிருப்பீர்கள். அது சில வட்டார வழக்குகளில் இயல்பான பேச்சு, அதைக் கொச்சை என்று ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அது செல்லாது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு மறுப்பு, அதுவும் முடிந்தவரை முன்னாலேயே. அதன் பிறகு எத்தனை எனி வேண்டுமானாலும் வரலாம். 'யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை' என்பதை மொழிபெயர்த்துப் பாருங்கள்: "நோபடி டோல்ட் எனிபடி எனிதிங்". தமிழில் மூன்று 'உம்', கடைசியில் ஒரு 'இல்லை'. ஆங்கிலத்தில் அந்த இல்லை முதல் சொல்லுக்குள்ளேயே போய்விட்டது. இந்த ஒரு வாக்கியம் தானாக வாயில் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதே கோளாறு இன்னும் இரண்டு வேடத்தில் வரும். 'இரண்டு பேரும் வரவில்லை' என்பதற்கு "போத் டிட் நாட் கம்" என்று எழுதுவார்கள். "நைதர் ஆஃப் தெம் கேம்" என்றால்தான் தெளிவு. அடுத்தது 'எல்லாரும் வரவில்லை'. தமிழிலேயே இது சிலர் வந்தார்கள் என்கிறதா, ஒருவருமே வரவில்லை என்கிறதா என்று சொல்பவரின் குரலை வைத்துத்தான் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது நீங்களே முடிவு செய்யுங்கள். சிலர் வந்தார்கள் என்றால் "நாட் எவ்ரிபடி கேம்", ஆளே இல்லை என்றால் "நோபடி கேம்". "எவ்ரிபடி டிட் நாட் கம்" என்று நடுவில் விட்டால் படிப்பவர் தவிப்பார்.

சரி, சம்முக்கும் எனிக்கும் வருவோம். 'கேள்வி என்றால் எனி' என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மை. நம் 'ஓ', 'ஆவது' இரண்டும் இங்கே நன்றாகக் கைகொடுக்கும். 'யாரோ வந்தார்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு சம்படி. 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்றால் எனிபடி, இங்கே மறுப்பே தேவையில்லை. தொல்லை தருவது 'யாராவது'தான். 'யாராவது கேட்டால்' என்பது "இஃப் எனிபடி ஆஸ்க்ஸ்", ஆனால் 'யாராவது உதவுங்கள்' என்பது "சம்படி ஹெல்ப் மி". முதலாவதில் ஆள் வருவாரா மாட்டாரா என்றே தெரியாது. இரண்டாவதில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். கேள்வியிலும் அப்படியே. 'ஆம்' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்டாலோ, உபசரித்துக் கேட்டாலோ சம் வரும்: "வுட் யு லைக் சம்திங் டு டிரிங்க்?" இதில் எனிதிங் போட்டாலும் இலக்கணப் பிழை இல்லை, சம்திங் கொஞ்சம் மனம் வைத்துக் கேட்பதாக இருக்கும்.

நாட் இல்லாமலே மறுக்கும் சொற்களையும் கவனியுங்கள். விதவுட், ஹார்ட்லி, நெவர் மூன்றுக்கும் பின்னால் எனிதான். 'யாரிடமும் சொல்லாமல் போனார்' என்பது "ஹி லெஃப்ட் விதவுட் டெல்லிங் எனிபடி". சொல்லாமல் என்பதும் மறுப்புத்தானே, இந்த இடத்தில் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன.

இனி ஒருமை, பன்மை. பாடி, வன், திங் என்று முடிகிற எல்லாமே ஒருமை. 'எல்லாரும் வந்துவிட்டார்கள்' என்ற பன்மை மனதில் ஓடுவதால்தான் "எவ்ரிபடி ஹேவ் கம்" என்று கை எழுதுகிறது. ஹேஸ்தான் சரி. ஈச், ஐதர், நைதர் மூன்றும் எழுத்து வழக்கில் ஒருமை. பின்னால் ஆஃப் போட்டுப் பன்மைப் பெயர் வந்தாலும் ஏமாறாதீர்கள்: "ஈச் ஆஃப் தி ஆன்சர்ஸ் ஈஸ் ராங்". இதோடு ஒட்டி வருவது "வன் ஆஃப் மை ஃப்ரெண்ட்". ஃப்ரெண்ட்ஸ் என்று பன்மையாக எழுதி, வினையை ஒருமையில் விட வேண்டும். நான் அதிக முறை சிவப்பு மை போட்ட பிழை அநேகமாக இதுதான். போத், ஃபியூ, மெனி, செவரல் பன்மை, அவற்றில் குழப்பம் இல்லை.

ஆல், சம், மோஸ்ட் போன்றவை எதைக் குறிக்கின்றனவோ அதைப் பார்த்து மாறும். "சம் ஆஃப் தி வாட்டர் ஈஸ்", "சம் ஆஃப் தி புக்ஸ் ஆர்". நன் என்பதில்தான் சண்டை. 'ஒன்றுகூட இல்லை' என்ற பொருளில் பிறந்த சொல், ஆகவே ஒருமை மட்டுமே என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் நல்ல ஆங்கில எழுத்தில் நெடுங்காலமாக இரண்டும் புழங்குகின்றன. எண்ணக்கூடிய பொருளென்றால் நான் தயங்காமல் பன்மை போடுவேன். பழைய பாணியில் திருத்துபவர் கைக்குப் போகும் தேர்வுத்தாளென்றால் ஒருமையே பத்திரம்.

அப்புறம் ஒரு சந்தேகம் வரும். எவ்ரிபடி ஒருமை என்றால் அதற்குப் பின்னால் 'அவர்களுடைய' என்று பொருள்படும் தேர் (their) எப்படி வரலாம்? "எவ்ரிபடி டுக் தேர் சீட்" பிழையில்லை. ஒருவரைக் குறிக்க தே, தேர் போடுவது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. 2019-இல் வந்த, அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) எழுத்து நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பும் அதை ஏற்றுக்கொண்டது. ஹிஸ் ஆர் ஹெர் என்று நீட்டி முழக்குவதைவிட இது எவ்வளவோ மேல். நாமும் 'ஒவ்வொருவரும் தங்கள் இருக்கையில்' என்றுதானே எழுதுகிறோம்! வாக்கியத்தின் வாலில் வரும் கேள்வியிலும் தே வரும்: "நோபடி கேம், டிட் தே?" நோபடியே மறுப்பு என்பதால் வாலில் டிடின்ட் வராது.

சில்லறை விஷயங்கள் இரண்டு மூன்று மிச்சம். இந்தச் சொற்களை விவரிக்கும் பெயரடை பின்னால் வரும்: 'புதிதாக ஏதோ' என்பது "சம்திங் நியூ". எவ்ரிவன் ஒரே சொல், ஆனால் பின்னால் ஆஃப் வந்தால் எவ்ரி, வன் என்று பிரித்து எழுத வேண்டும். நோ வன் பொதுவாக இரண்டு சொல்தான், நான் மேலே சேர்த்து எழுதியது தமிழ் எழுத்து வசதிக்காக. எவ்ரி தனியாக நிற்காது, "எவ்ரி ஆஃப் தெம்" என்று எழுத வாய்ப்பே இல்லை, அங்கே ஈச் போடுங்கள்.